நறுக்கிய கீரையும் அடைத்த காற்றும்

கீரைக் கடைக்கும் எதிர்க்கடை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. போட்டியின்றி எப்பண்டமும் செம்மையுறாது என்னும் உண்மையை அவர்கள் மிக எளிய பண்டத்தைக் கொண்டே உணர்த்தினார்கள். அந்த எதிர்க்கடை இன்று உண்மையாகவே வந்துவிட்டது. ஆய்ந்து, கழுவி, நறுக்கி, மெல்லிய உறையில் இறுக அடைத்த கீரை பெருநகர அங்காடிகளின் குளிர்ப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. அலுவலகம் செல்லும் மகளிர் அதனை விரும்பி வாங்குகின்றனர். அவர்களைக் குறை கூற நாம் முற்படவில்லை. ஒரு கட்டு முளைக்கீரையை ஆய்ந்து முடிக்க எவ்வளவு பொழுதாகும் என்பது நம் இல்லத்தரசியர் அறியாததன்று.

இது கண்டு நம் சங்கங்களிலும் ஒரு பேச்சு எழுந்துள்ளது. "உறைகளில் வாயு நிரப்பும் இயந்திரம் ஒன்றை நாமும் வாங்கினால் என்ன? விடியலில் பறித்த கீரை நண்பகலில் பாதி விலைக்குப் போகிறது. மாலையில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. இரண்டு நாள் அது வாடாமல் இருக்குமாயின் நம் உழைப்பு வீண்போகாதல்லவா?" என்று பயிரிடும் அன்பர் பலர் வினவுகின்றனர். வினா நேர்மையானது. அதற்குப் பின்னால் பல குடும்பங்களின் அடுப்பு இருக்கிறது. ஆனால் அவ்வியந்திரம் வாங்கப்படுவது சங்கத்தின் சேமநிதியைக் கொண்டு. அந்நிதியில் பயிரிடுவோர் பணமும் உண்டு, நெசவாளர் பணமும் உண்டு. ஆதலின், ஆம் என்றோ அன்று என்றோ கையுயர்த்துமுன், காற்றுக்கும் கீரைக்கும் உள்ள உறவு யாதென்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் கடமையாகும்.

இலையின் மூச்சு

செடியினின்று பறித்த இலை இறந்துவிட்டது என்று எண்ணுவது பெரும்பிழை. வேரைப் பிரிந்த பின்னரும் அது உயிருடனேயே இருக்கிறது, மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, தன்னகத்தே சேர்த்து வைத்த சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. செடியில் இருந்தபோது வேர் நீர் அனுப்பியது. கதிரவன் ஒளியைக் கொண்டு இலை தன் உணவைத் தானே ஆக்கிக்கொண்டது. பறித்த பிறகு வரவு நின்றது. செலவு மட்டும் தொடர்கிறது. வருவாயின்றிக் கைப்பொருளை உண்டு வாழும் குடும்பத்தின் நிலை எதுவோ, அதுவே இலையின் நிலையும். கையிருப்புத் தீர்ந்த அன்று அது மஞ்சளாகும், குழையும், அழுகும்.

இச்செலவின் வேகத்தை மிகுதியும் நிர்ணயிப்பவை மூன்று. முதலாவது வெப்பம். வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு ஏறுந்தோறும் இலையின் மூச்சு ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மடங்கு விரைவாகிறது. ஒரு கிலோ பாலக் கீரை 0 டிகிரியில் மணிக்குச் சுமார் 20 மில்லிகிராம் கரியமில வாயுவை வெளியிடும். 20 டிகிரியிலோ அது 230 மில்லிகிராம் அளவுக்கு உயர்கிறது. அங்ஙனமாயின், சித்திரை வெயிலில் 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறந்த வண்டியில் செல்லும் கீரைக் கூடையின் கதி யாதென்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். வெப்பத்தால் நீரும் வற்றுகிறது. இலையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு நீர் குறைந்தாலே வாட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது காயம். கத்தி பட்ட இலை, படாத இலையைவிட விரைந்து மூச்சு விடுகிறது. வெட்டுவாயில் சாறு கசிகிறது. அச்சாற்றிலுள்ள சில பொருள்கள் பிராணவாயுவுடன் கூடிப் பழுப்பு நிறம் கொள்கின்றன. நறுக்கிய வாழைப்பூ சிறிது பொழுதில் கறுத்துப்போவதை யாவரும் கண்டிருக்கிறோம். அதனை மோர் கலந்த நீரில் இடும் நம் தாய்மார், இரசாயன நூல் கற்காமலேயே அதன் பயனைக் கற்றவர்கள். கசிந்த சாறு நுண்கிருமிகளுக்கும் நல்லுணவு என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே முழுக்கீரையைவிட நறுக்கிய கீரை எளிதில் கெடும் பண்டம். அதனை விற்க முன்வருபவர் இருமடங்கு கவனம் கொண்டவராக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இலையைச் சூழ்ந்துள்ள காற்று. நம் கட்டுரையின் பொருள் இதுவே.

மேல்நாட்டார் கண்ட வழி

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு நைட்ரஜனும், 21 பங்கு பிராணவாயுவும் உள்ளன; கரியமில வாயு 0.04 பங்கே உள்ளது. பிராணவாயுவைக் குறைத்தால் பழம் கனிவது தாமதமாகும் என்பதைப் பிரான்சு நாட்டு மோம்பெல்லியே நகரத்து விஞ்ஞானி பெரார் 1821இல் எடுத்துக்காட்டினார். சுமார் நூறாண்டு கழித்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்னும் இருவர் அதனை முறையாக ஆராய்ந்தனர். அவர்தம் ஆராய்ச்சியின் பயனாக 1929இல் கெண்ட் பகுதியில் ஆப்பிளுக்கான வாயுக் கிடங்கு எழுந்தது. பெரிய கிடங்கில் செய்ததைச் சிறிய உறைக்குள் செய்யக் கற்றதே பிற்காலத்தார் செய்த மாறுதல். அமெரிக்காவில் காலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில் விளையும் லெட்டூஸ் இலையை நறுக்கி, உறையிலிட்டு, வாயு மாற்றி அடைத்து, நாட்டின் மறுகோடி வரை அனுப்பும் தொழில் 1980களின் இறுதி முதல் இல்லந்தோறும் சென்று சேரும் வாணிபமாக வளர்ந்தது.

நறுக்கிய லெட்டூசுக்குப் பிராணவாயு நூற்றுக்கு 3 பங்குக்கு மேற்படாமலும், கரியமில வாயு 10 முதல் 15 பங்கு வரையிலும் இருத்தல் நன்று என அவர்கள் கண்டுள்ளனர். பிராணவாயு குறைவதால் வெட்டுவாய் பழுப்பதில்லை, மூச்சு தணிகிறது. கரியமில வாயு மிகுவதால் மஞ்சளாவது தள்ளிப்போகிறது. அழுகச் செய்யும் கிருமிகள் சிலவற்றின் பெருக்கமும் தளர்கிறது. தக்க குளிரில் வைத்தால் அவ்விலை இரண்டு வாரம் அளவும் விற்பனைக்கு ஏற்றதாக இருக்கிறது.

இவையனைத்தும் மெய். ஆயினும் ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வோர் அளவு உண்டு. நறுக்கிய லெட்டூஸ் தாங்கும் கரியமில வாயுவை நறுக்காத லெட்டூஸ் தாங்குவதில்லை. நூற்றுக்கு 2 பங்கைக் கடந்தாலே அதில் பழுப்புக் கறை விழக்கூடும். ஒரே இலையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், சிறுகீரைக்கு ஏற்றது முருங்கைக்கு ஏற்குமா, மணத்தக்காளிக்கு ஏற்குமா என்பதைச் சோதித்தன்றோ அறிதல் வேண்டும்? அமெரிக்க இலைக்கு வகுத்த அளவை நம் அகத்திக்கு அப்படியே வைப்பது, பிறர் உடலுக்குத் தைத்த சட்டையை அளவெடாமல் நாம் அணிவதை ஒக்கும்.

உறை என்னும் துணி

நெசவாள அன்பர்களுக்கு அடுத்த செய்தியை விளக்குவது எளிது. துணிதோறும் காற்று நுழையும் அளவு வேறு. பாவும் ஊடையும் நெருங்கிய துணி காற்றைத் தடுக்கும். சல்லாத் துணி காற்றை விடும். பாலித்தீன் உறையும் அத்தகையதே. கண்ணுக்குத் துளை தோன்றாவிடினும் வாயுக்கள் அதன் வழியே மெல்லப் போக்குவரத்துச் செய்கின்றன. பிராணவாயு உள்ளே வருவதைவிடக் கரியமில வாயு வெளியேறுவது பல மடங்கு எளிது. உள்ளிருக்கும் இலையின் மூச்சும் உறையின் போக்குவரத்தும் ஒத்திருந்தால், இயந்திரமே இன்றியும் உறைக்குள் நல்ல காற்று தானே அமைந்துவிடும். ஒவ்வாவிடின், இயந்திரத்தால் எவ்வளவு நேர்த்தியாக வாயு நிரப்பியும் சில மணி நேரத்தில் அது நிலைகுலையும்.

இங்குதான் பெரிய கண்ணி இருக்கிறது. வெப்பம் ஏறும்போது இலையின் மூச்சு பாய்ந்து ஏறுகிறது. உறையின் போக்குவரத்தோ அவ்வளவு விரைவில் ஏறுவதில்லை. 5 டிகிரியில் ஒத்திருந்த உறை 30 டிகிரியில் இலையின் கழுத்தை நெரிக்கிறது. உள்ளிருந்த பிராணவாயு முற்றும் தீர்ந்தபின் இலை வேறு வழியின்றிப் புளிக்கத் தொடங்குகிறது. பானையில் பழையது புளிப்பதுபோலச் சாராயச் சத்தும் தீய வாடையும் அதனுள் பிறக்கின்றன. அத்தகைய கீரையைக் கழுவினாலும் வாடை போகாது. வேகவைத்தாலும் சுவை திரும்பாது.

இதனை நாம் நூலில் படித்து மட்டும் எழுதவில்லை. நம் உறுப்பினர் சிலர் நகரத்துக் கடை ஒன்றுக்கு நறுக்கிய முளைக்கீரையை உறைகளில் இறுக மூடி அனுப்பிப் பார்த்தனர். காலையில் பச்சைப்பசேலென்று சென்ற உறைகள் மறுநாள் பிற்பகல் சற்றே உப்பி, உட்புறம் வியர்த்துத் திரும்பி வந்தன. திறந்தபோது எழுந்த புளித்த நாற்றத்தை அருகிலிருந்த நாம் இன்னும் மறக்கவில்லை. கடைக்காரர் ஒரு காசும் தரவில்லை. உறைக்கான செலவும் விளைத்தவர் தலையிலேயே விழுந்தது. அதே விடியலில் அதே பாத்தியில் பறித்து, ஈரச் சாக்கால் மூடி உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்பிய கட்டுக்கீரை முழுதும் விற்றுப்போயிற்று. காற்றை அடைத்தோம், வெப்பத்தை விட்டுவிட்டோம். பிழை அவ்வளவே.

கண்ணை ஏய்க்கும் பசுமை

இதனினும் முக்கியமானதொன்று உண்டு. காற்றை மாற்றுவதால் அழுகல் தாமதமாகலாம், நோய்க்கிருமி அழிந்துவிடாது. லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்ப்பெட்டியிலும் மெல்ல வளரும். மண்ணில் வாழும் போட்டுலினக் கிருமிக்குப் பிராணவாயு இல்லாத இடமே உவப்பு. வெப்பமும் கூடினால் அது கொடிய நஞ்சை உண்டாக்கும். 2006ஆம் ஆண்டில் காலிபோர்னியாவில் விளைந்து உறையில் விற்கப்பட்ட பாலக் கீரையால் அமெரிக்காவின் பல மாநிலங்களில் சுமார் 200 பேர் நோயுற்றனர், மூவர் உயிரிழந்தனர். அதற்குக் காரணம் ஈகோலி கிருமியின் கொடிய வகை ஒன்று. அக்கீரை அழுகியதன்று, பார்வைக்குப் பசுமையானது. அவ்வளவு வசதி படைத்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது எனில், எந்நீரில் கழுவினோம் என்று அறியாத கீரையை உறையிலிட்டு அடைப்பது எத்துணைப் பொறுப்பற்ற செயல்!

முன்னாளில் வாடிய கீரை தன் வயதைத் தானே சொல்லிவிடும். அழுகல் ஒருவகையில் நேர்மையான எச்சரிக்கை. அடைத்த காற்று அவ்வெச்சரிக்கையைத் தள்ளிப்போடுகிறது. நிறம் மாறாதிருக்கையிலேயே உள்ளிருக்கும் சத்துக் குறைந்திருக்கக்கூடும்; கீரையிலுள்ள வைட்டமின் சி வெப்பத்தில் சில நாட்களிலேயே பெரும்பகுதி அழிவது. ஆகவே பறித்த நாளை உறையின்மேல் தெளிவாக அச்சிடாமல் பசுமையை மட்டும் காட்டி விற்பது வாணிபமாகலாம், கூட்டுறவாகாது. வாங்குபவரும் நம்மைப்போல் ஒரு குடும்பத்தார். அவர் வீட்டுக் குழந்தைக்கு நம் கீரை உணவாகிறது என்பதை நாம் ஒருபோதும் மறத்தல் கூடாது.

நம் முடிவு

அப்படியானால் சங்கம் பழைய கட்டுக்கீரையோடு நின்றுவிட வேண்டியதுதானா என்று இளைஞர் சிலர் கேட்பர். அன்று. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பதே நாம் கூறுவது. குளிர்ச்சியும் தூய்மையும் சுவர். வாயு அடைப்பது சித்திரம். குளிர்சாதனம் நமக்கு எட்டாது, வாயுவையாவது அடைப்போம் என்பார் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. குளிரின்றி அடைத்த காற்று கீரையைக் காப்பதற்கு மாறாகக் கெடுக்கிறது என்பதை மேலே கண்டோம். எனவே பின்வரும் வரிசையில் செல்லுதலே அறிவுடைமை என நாம் கருதுகிறோம்.

முதற்கண் செலவில்லாத காரியங்கள். வெயில் ஏறுமுன் பறித்தல். பறித்ததைக் கணமும் தாழ்த்தாமல் நிழலுக்குக் கொணர்தல். நனைத்த பருத்தித் துணியால் கூடையை மூடுதல். நம் தறிகளில் விற்பனைக்கு ஒவ்வாமல் கழிக்கப்படும் முரட்டுத் துணி இதற்கு மிக ஏற்றது. கனிந்த வாழைக்குலையும் மாம்பழமும் தக்காளியும் ஏறிய வண்டியில் கீரையை ஏற்றாதிருத்தலும் வேண்டும். அவை வெளியிடும் எதிலீன் என்னும் வாயு கீரையை விரைவில் மஞ்சளாக்கும்.

இரண்டாவது சிறுசெலவு. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் 1980களில் வகுத்தளித்த குளிர் அறை மின்சாரம் வேண்டாதது. செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்தால் போதும். வறண்ட கோடையில் அதனுள் வெப்பம் வெளியைவிட 10 முதல் 15 டிகிரி வரை தணியும்; ஈரமும் நூற்றுக்கு 90 அளவில் நிற்கும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாதலின் பயன் சற்றுக் குறையும். உள்நாட்டுச் சங்கங்களுக்கு இது வரப்பிரசாதம். ஆயினும் இது கட்டுக்கீரைக்கே போதும். நறுக்கிய கீரைக்குப் போதாது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவதே பெருஞ்செலவு. நறுக்கிய கீரையில் இறங்குவதாயின், அண்டைச் சங்கங்கள் சில ஒன்றுகூடி 5 டிகிரிக்கு மேற்படாத குளிர் அறை ஒன்றும், கடைவரை அக்குளிர் அறுபடாத வண்டி ஒன்றும் முதலில் தேடுதல் வேண்டும். குடிக்கத்தக்க தூய நீரும், நன்கு தீட்டிய கத்தியும், கழுவிய கீரையின் ஈரத்தை அகற்றும் சாதனமும் வேண்டும். மழுங்கிய கத்தி இலையை அறுப்பதில்லை; நசுக்குகிறது; அதனால் கெடுதல் மிகுகிறது. இவை அமைந்தபின், ஒவ்வொரு கீரைக்கும் எவ்வுறை ஏற்றது என்பதை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துணைகொண்டு சோதித்தறிந்து, அதன் பிறகே வாயு அடைக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். 2019 சனவரி முதல் நாள் தொட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை நம் மாநில அரசு தடை செய்திருப்பதால், நாம் தேர்ந்த உறைக்குச் சட்டம் இடந்தருமா என்பதையும் முன்னதாகவே கேட்டறிதல் வேண்டும்.

இறுதியாக ஒரு சொல். எல்லாக் கீரையும் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை முறை, விளைத்தவரும் உண்பவரும் நேரே சந்திக்கும் வாய்ப்பை நமக்கு அளித்தது. விடியலில் பறித்து, காலைப்பொழுதிலேயே விற்று, அன்று மதியமே உலையில் ஏறும் கீரைக்கு எந்த வாயுவும் வேண்டா. ஒரு மஞ்சள் பை போதும். அதனை நெய்வதற்கு நம் சங்கத்திலேயே தறி இருக்கிறது. அருகில் விற்கக் கூடியதை அருகில் விற்போம். மிஞ்சியதற்குக் குளிர் தேடுவோம். குளிர் கிடைத்தபின் காற்றை ஆள முற்படுவோம்.

வரும் பொதுக்குழுவில் இயந்திரம் குறித்த தீர்மானம் வரும்போது, உறுப்பினர்கள் அதன் விலையை மட்டும் கேளாமல், "குளிர் எங்கே? நீர் எங்கிருந்து? நாள் அச்சிடுவீர்களா?" என்ற மூன்று வினாக்களையும் கேட்பார்களாக. அம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், நாமே முதலில் கையுயர்த்துவோம். கிடையாவிடின், நெசவாளரும் உழவரும் சிறுகச் சிறுகச் சேர்த்த சேமநிதி, அந்த உறைகளைப்போலவே உப்பிப் புளித்துப்போக நாம் இசையோம்.